ஆட்டத்துக்கு முன் மனம்

விளையாட்டு உளவியல், ஆடுகளத்தில் மனம் உடலை எப்படி நடத்துகிறது என்று ஆராயும் துறை. 1898-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் சிறுவர்களிடம் தூண்டில் உருளையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். பக்கத்தில் போட்டிக்கு ஒருவர் நின்றதும் பாதிப்பேர் வேகமெடுத்தார்கள். சிலர் பதறித் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றம் இன்றும் இத்துறையின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

சென்னையில் 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இதைக் கற்பிக்கிறார்கள். திருச்செந்தூரின் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரியிலும் வருங்கால உடற்கல்வி ஆசிரியர்கள் இதைப் படிக்கிறார்கள். பதற்றத்தை அளக்கும் வினாத்தாள், மூச்சுப் பயிற்சி, களமிறங்குமுன் தவறாமல் செய்யும் சடங்கு போன்ற பழக்கம் என இத்துறைக்குப் பல கருவிகள்.

இந்தக் கடைசிக் கருவி, தென்தமிழகக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு முன்பே பழக்கமானது. கல்லில் காலூன்றி, கயிற்றைப் பிடித்து ஆழத்துக்குப் போனவர்கள் சுறாவுக்கு அஞ்சினார்கள். ‘கடல்கட்டி’ எனப்பட்ட மந்திரவாதி மந்திரம் ஓதாமல் இறங்க மறுத்தார்கள். பிரிட்டிஷ் அரசே அவருக்கு ஊதியம் கொடுத்தது. மந்திரம் சுறாவின் வாயைக் கட்டியதாக நம்பினார்கள். அது உண்மையில் கட்டியது குளிப்பவரின் பயத்தை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.