காலுக்கு ஏத்த ஷூ, வண்டிக்கு ஏத்த சைலன்சர்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, டி.வி. முன்னால் காய் நறுக்கிக்கொண்டே கேட்கும் தாய்மார்களே! ஆம்பூர்னா உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். எங்களுக்குத் தோலும் ஷூவும்தான் சோறு போடுது. நான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவ. சைலன்சரை மாத்துறது இளைஞனோட உரிமையா, ஊருக்குத் தொல்லையா? தொல்லைதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "சைலன்சரை மாத்தினா வண்டி இழுவை கூடும்"னார். தம்பி, எங்க தொழில்ல லாஸ்ட்னு ஒண்ணு உண்டு. காலோட அச்சு. அதுமேல இழுத்துப் போட்டாத்தான் ஷூவுக்கு உருவமே வரும். ஏழாம் நம்பர் லாஸ்ட்ல இழுத்த ஷூவை எட்டாம் நம்பர் கால்ல மாட்டினா, என்ன விலை கொடுத்திருந்தாலும் கடிக்கத்தான் செய்யும். சைலன்சருக்கு இன்ஜின்தான் லாஸ்ட். (கைதட்டல்)

ஆர்.எக்ஸ். 100 ஞாபகம் இருக்கா? 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன யமஹா. டூ ஸ்ட்ரோக் வண்டி. அந்தக் குழாயோட உள்வடிவம், வெளியே ஓடுற அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாம நழுவுற பெட்ரோலை மறுபடியும் சிலிண்டருக்குள்ள தள்ளும். அதை வெட்டிட்டு வெறும் குழாய் வெச்சா சத்தம் ஏறும், இழுவை இறங்கும்.

1955-லிருந்து சென்னையில் தயாராகி வந்த புல்லட் வேறு ஜாதி, ஃபோர் ஸ்ட்ரோக். பழைய புல்லட்ல குழாயை மட்டும் மாத்தி, கார்பரேட்டர் ஜெட்டை அப்படியே விட்டா, காத்து அதிகமாகி இன்ஜின் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட்பட்னு வெடிக்கும். இந்தக் கோளாறுக்குத்தான் தம்பிங்க 'கெத்து'ன்னு பேர் வெச்சிருக்காங்க. (சிரிப்பு) 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியில் முழுக் குழாயையும் கழட்டினா, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கூடவே போயிடும்.

என் தம்பியும் போனஸ் பணத்தோட வந்து நின்னான். ஷார்ட் பாட்டிலா, கோல்டு ஸ்டாரா, இந்தோரியா? பேரைக் கேட்டா ஆடித் தள்ளுபடிப் புடவை ரகம் மாதிரியே இருக்கு! (சிரிப்பு) "பேரை விடுடா, டார்ச் அடிச்சு உள்ளே பாரு. தடுப்புத் தகடோ, சுத்தி ஓட்டைக் குழாயும் கண்ணாடிப் பஞ்சுமோ இல்லேன்னா அது சைலன்சர் இல்லை, பைப்பு. உன் மாடலுக்குன்னே செஞ்சதா, சத்தம் சோதிச்ச சான்று இருக்கான்னு கேளு. கடைக்காரர் 'அதெல்லாம் எதுக்குப்பா'ன்னா, பணத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு வா"ன்னேன்.

175 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குக்குச் சோதனையில் 80 டெசிபல்தான் வரம்பு. அதுக்கு மேல பத்து ஏறினா காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக் கேட்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி விதியை மீறினா முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். போனஸ் அங்கேயே போச்சு!

வேலூருக்குப் போனா, பஜார் நடுவிலேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மா தொடங்கியது. வங்காளத்திலிருந்து, வடகிழக்கிலிருந்து எல்லாம் ரயிலேறி வந்து படுத்திருக்காங்க. ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், ராத்திரியில் 40 டெசிபல்தான்னு 2000-ஆம் வருஷத்து விதி சொல்லுது. அந்த ரோட்டில் போய் முறுக்குறதா உரிமை?

எங்க லைன்ல ஒரு பொண்ணு. ஏழு மாசம். ஷிப்ட் முடிஞ்சு பைபாஸ் ஓரமா நடந்து வர்றோம். பின்னாடி ஒருத்தன் படார்னு வெடிக்க விட்டான். திடுக்கிட்டுப் பள்ளத்தில் காலை வெச்சுட்டா. வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, மாரியாத்தா புண்ணியம். கணுக்கால் பிசகி மூணு வாரம் சம்பளம் போச்சு. அந்தப் பையன் நிக்கவே இல்லை. அவ "அம்மா"ன்னு கத்தினது அவன் வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காதுங்க, நடுவர் அவர்களே.