புகைக்குள்ளே இருந்த வாயு

உயர்தரத்தோடு படிப்பை விட்டவன் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஊரிலே வருடப்பிறப்புக்கு வாழைக்குலையை எப்படிப் பழுக்க வைப்போம்? கிடங்கு வெட்டி, குலையை இறக்கி, மூடிப் புகை அடிப்போம். "புகைச் சூட்டிலைதான் பழுக்குது" என்பார் அப்பு. சூடும் உதவும்தான். ஆனால் பெரிய வேலையைச் செய்வது புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயு. பழம் தனக்குள்ளே தானே உண்டாக்கும் ஓமோனும் இதுவேதான்.

கண்ணுக்குத் தெரியாத இதை எப்படி அளந்தார்கள்? 1901இல் ரஷ்யாவிலே நெலியூபோவ் என்பவர் ஒரு புதுமையை எழுதினார். ஆய்வுகூடத்து இருட்டிலே அவருடைய பட்டாணி முளைகள் கட்டையாகி, தடித்து, பக்கவாட்டில் சரிந்தன. வெளிக்காற்றைக் கொடுத்தால் நேராக வளர்ந்தன. விளக்குக்கு எரித்த நிலக்கரி வாயுவில் இருந்த எதிலீன்தான் காரணம். பின்வந்தவர்கள் அந்த முளையையே தராசாக்கினார்கள். முளை எவ்வளவு கட்டையாகிறதோ, அவ்வளவு வாயு. 1934இல் இங்கிலாந்திலே கேன் என்பவர், பழங்களே எதிலீனை உண்டாக்குகின்றன என்று நிரூபித்தார்.

1959 முதல் இதற்குக் காஸ் குரோமற்றோகிராப் என்ற கருவி பயன்படுகிறது. பழத்தைப் போத்தலில் அடைத்து, சிறிது நேரம் கழித்து உள்ளே இருக்கும் காற்றை ஊசியால் எடுத்து, நீண்ட மெல்லிய குழாயினுள் செலுத்துவார்கள். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு வேகத்தில் வெளிவரும். எதிலீன் வரும்போது கருவி ஒரு மேடு கீறும். அளவு தெரிந்த வாயு கீறும் மேட்டோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். 10 இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கிலும் குறைவான எதிலீனே வாழைக்காயைப் பழுக்கத் தூண்டிவிடும். அதனால்தான் இந்த நுணுக்கம் தேவைப்படுகிறது. காயாகக் கப்பலில் வரும் பழங்கள் வழியிலே பழுத்து வீணாகாமல் காப்பதும் இந்த அறிவுதான்.

அப்புவிடம் கருவி இல்லை. குலையின் முற்றலையும் நாளையும் புகையையும் கணக்குப் பார்த்தார். காரணம் தெரியாமலே சரியாகச் செய்தார். பிள்ளைகள் கேட்டால் "அது பழைய பழக்கம்" என்று தட்டிக்கழிக்காதேங்கோ. ஒரே நிறமான வாழைக்காய்களை இரண்டு காகிதப் பைகளில் போட்டு, ஒன்றில் மட்டும் பழுத்த அப்பிள் ஒன்றை வைத்துக் கட்டுங்கோ. எது எத்தனையாம் நாள் பழுக்கிறது என்று பிள்ளைகளே எழுதட்டும். அதுவும் ஓர் அளவைதான்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.