மணி ஓய்ந்த தீயணைப்பு நிலையம்

(பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எடுத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தந்த நேரத்தில் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது நமக்குச் சொந்தமான கட்டடமன்று. ஆனாலும் ஐம்பது வயதைத் தொட்ட எந்த அமைப்பும் அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

அப்பர் புக்கிட் தீமா சாலையில் போகிறவர்கள் பழைய புக்கிட் தீமா தீயணைப்பு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1956-ல் பணியைத் தொடங்கி, 2005-ல் நிறுத்தியது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! நம் சங்கத்தின் வயதுக்கு ஓராண்டுதான் குறைவு.

அந்தக் காலத்துப் புக்கிட் தீமா இன்றுபோல் அடுக்குமாடி வட்டாரமாக இல்லை. ஜொகூருக்குப் போகும் சாலையை ஒட்டிய சிற்றூர். ஒரு பக்கம் கருங்கல் குவாரிகள், மறுபக்கம் தொழிற்சாலைகள், இடையிடையே கம்போங்குகள். பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு வீட்டில் தீப்பொறி பறந்தால் பத்து வீட்டுக்கு ஆபத்து. நகர மையத்திலிருந்து வண்டி வர வேண்டுமென்றால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர வேண்டும். அதற்குள் கூரை இருக்காது. அங்கேயே ஒரு நிலையம் தேவைப்பட்டதன் காரணம் அதுதான்.

தீ எவ்வளவு வேகமானது என்பதை 1961 மே 25 காட்டியது. அன்று ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் நால்வர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். பெருநாள், விடுமுறை என்று தீ பார்ப்பதில்லை. பிறர் விருந்துக்கு உட்காரும் நேரத்தில் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் தீயணைப்பு வீரரின் வேலை.

அந்த வேலைக்கேற்பவே தீயணைப்பு நிலையங்களைக் கட்டினார்கள். தரைத்தளத்தில் அகன்ற கதவுகள். வண்டி திரும்பாமல், நேரே சாலைக்குப் பாய வேண்டும். பழைய நிலையங்களில் ஓர் உயர்ந்த கோபுரம் இருக்கும். அதன் உச்சியிலிருந்து புகையைத் தேடலாம். உள்ளே நனைந்த கித்தான் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தலாம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கித்தான் மக்கிவிடும், அடுத்த தீயின்போது கிழிந்துவிடும். அருகிலேயே வீரர்களின் குடும்பங்களுக்குக் குடியிருப்பு. மணி அடித்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அவர் திரும்பும்வரை அம்மா விழித்திருப்பார். ஊதியப் பட்டியலில் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தக் காத்திருப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

காலம் மாறியது. கம்போங்குகள் போயின, அடுக்குமாடி வீடுகள் வந்தன. 1989-ல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது. 2005-ல் புக்கிட் பாத்தோக்கின் புதிய நிலையம் பொறுப்பை ஏற்றது. பழைய நிலையத்தில் மணி ஓய்ந்தது. ஆயினும் கட்டடத்தை இடிக்கவில்லை. ரயில் ஓடி ஓய்ந்த பாதை 24 கிலோமீட்டர் பசுமை வழித்தடமாக மாறியிருக்கிறது. பக்கத்திலேயே புக்கிட் தீமா காடு. இவற்றைக் காண வருவோருக்கு இந்தப் பழைய நிலையத்தையே ஒரு நுழைவாயிலாக்கும் திட்டத்தை அரசு அமைப்புகள் அறிவித்தன.

கட்டடம் பிழைத்துக்கொண்டது. அதற்குள் வாழ்ந்த வாழ்க்கை பிழைத்ததா என்பதுதான் என் கேள்வி.

அதே சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1941-ல் திறந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அங்கேதான். இன்று அது தேசிய நினைவுச் சின்னம். போர் முடிந்த பிறகு 1980 வரை அங்கே தொழிலாளர்கள் கார்களைப் பூட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொன்னால் நம் நினைவுக்கு வருவது அந்த ஒரு நாள் மாலை மட்டுமே. பெரிய நிகழ்ச்சிகளை நாடு எழுதி வைக்கும். அன்றாட உழைப்பை எழுதி வைக்க வேண்டியவர்கள் அந்தந்தக் குடும்பத்தார்தாம்.

ஹில் ஸ்திரீட்டில் இருக்கும் மத்திய தீயணைப்பு நிலையத்தைப் பாருங்கள். 1908-ல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கட்டடம். 1998-ல் தேசிய நினைவுச் சின்னமானது. அங்கிருந்து இன்றும் வண்டிகள் புறப்படுகின்றன. 2001 முதல் அதே கட்டடத்தில் ஒரு காட்சிக்கூடமும் இருக்கிறது. பழைய வண்டிகளையும் கருவிகளையும் யாரோ பத்திரப்படுத்தியதால்தான் நம் பிள்ளைகள் அவற்றை அங்கே பார்க்க முடிகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தச் சங்கத்தில் ஐம்பது ரமலான்கள் கஞ்சி காய்ச்சியிருக்கிறோம். முதல் ஆண்டு தேக்சாவைக் கடன் கொடுத்தது யார்? துணைப்பாட வகுப்புக்குச் சம்பளம் வாங்காமல் வந்த ஆசிரியர்கள் யார் யார்? நள்ளிரவில் ஜனாஸா செய்தி வந்தால் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினோம்? கூட்டக் குறிப்பேட்டில் தீர்மானங்கள் இருக்கின்றன. தலைவர், செயலாளர் பெயர்கள் இருக்கின்றன. சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிய தாய்மார்களின் பெயர்கள் இல்லை. அவற்றைத் தெரிந்தவர்கள் இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அறுபதாம் ஆண்டு விழாவில் அவர்களில் எத்தனை பேர் இருப்போம் என்பது இறைவனுக்கே தெரியும்.

ஆகவே குடும்பத்துக்கு மூன்று வேலை தருகிறேன். வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை எடுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். இரண்டாவது, வாப்பாவையோ நன்னாவையோ பெரியம்மாவையோ அரை மணி நேரம் உட்கார வைத்து, கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். “சங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் வார்த்தை வராது, “அன்றைக்குக் கஞ்சிக்கு அரிசி எங்கே வாங்கினீர்கள்?” என்று கேளுங்கள், கதை தானாக வரும். மூன்றாவது, பழைய நன்கொடை ரசீது, அழைப்பிதழ், கடிதம் எது கிடைத்தாலும் ஒரு நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள்.

நம் சங்கக் கட்டடமும் ஒருநாள் கைமாறலாம். வேறு பணிக்குப் போகலாம். அது நல்ல பணியாக இருந்தால் மகிழ்ச்சியே. அன்று அதற்குள் நுழையும் ஒரு பிள்ளை, “இங்கே முன்பு யார் இருந்தார்கள்?” என்று கேட்டால், பதில் எழுத்தில் இருக்கட்டும். அதை எழுதும் பொறுப்பு நம்முடையது.