விசுவாசமும் கீழ்ப்படிதலும்

(மணிமுத்தாற்றில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீழ்ப்படிதல் என்றதும் நம்மில் பலருக்கு மனம் கசக்கும். பண்ணையார் முன் நம் முன்னோர் கைகட்டி நின்றதற்கும் அதுவே பெயராயிருந்தது. வேதம் கூறும் கீழ்ப்படிதல் அதுவன்று.

இம்மலைத்தொடரின் தென்கோடியை அடுத்த மயிலாடியில் மகாராசன் என்னும் சாம்பவர் குலத்தவர் வாழ்ந்தார். சிதம்பர யாத்திரை சென்றவர், தஞ்சையில் கோலாஃப் ஐயரிடம் நற்செய்தி கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அன்று அவர் ஆலயம் எதையும் கட்டியிருக்கவில்லை. தேவனிடம் காட்டத்தக்க புண்ணியக் கணக்கும் இல்லை. ஆயினும் விசுவாசித்தவர் நீதிமானாக எண்ணப்படுகிறார் என்பதே பவுலடியாரின் போதனை. ஆபிரகாமும் விருத்தசேதனத்திற்கு முன்னரே அவ்வாறு எண்ணப்பட்டார்.

அதன் பின்னரே வேதமாணிக்கத்தின் கீழ்ப்படிதல் தொடங்கிற்று. ஊர் திரும்பி உறவினருக்கு அறிவித்தார், எதிர்ப்பைத் தாங்கினார். அவர் அழைப்பை ஏற்று ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1816-இல் ஐயர் விடைபெற்றபோது சபைப் பொறுப்பு வேதமாணிக்கத்திடமே வந்தது. யாக்கோபு கிரியையைக் கேட்பது இரட்சிப்பின் விலையாக அன்று. விசுவாசத்துக்கு உயிருண்டா என்று அறியவே. எஜமானுக்கு அஞ்சுகிறவன் சொன்னதை மட்டுமே செய்வான். மீட்கப்பட்டவனோ கேளாததையும் செய்வான்.

மயிலாடியில் 1809-இல் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தோன்றியது. அப்பள்ளியே பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.