இரட்டிப்புக் கணக்கு



உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மிக நீளமானது. பல ஆண்டுகளுக்கு முன் மும்பையில் நம்மோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர், அந்த நீளத்தை மகாலட்சுமி பந்தய மைதானத்தில் கழித்து வந்தார். அவர் கணக்கர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்; அதில் தோல்வியே இல்லாத ஒரு 'முறை'.

முறை இதுதான். முதலில் பத்து ரூபாய் கட்ட வேண்டும். தோற்றால் இருபது, மறுபடியும் தோற்றால் நாற்பது. என்றேனும் ஒரு குதிரை வென்றே தீரும். அன்று இழந்தது யாவும் மீண்டு, மேற்கொண்டு பத்து ரூபாய் கையில் நிற்கும். பிரான்சு நாட்டுச் சூதாட்டக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதை அறிந்திருந்தார்கள். மார்ட்டிங்கேல் என்று பெயர்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். குதிரைக்குப் பதிலாக நாணயத்தைச் சுண்டுவதாகக் கொள்வோம். தொடர்ந்து பத்து முறை தோற்பது 1,024 தடவையில் ஒரு தடவையே நேரும். ஆனால் அந்த ஒரு தடவையில் போகும் தொகை 10,230 ரூபாய். மற்ற 1,023 தடவைகளிலும் பத்துப் பத்தாகச் சேர்ந்த தொகையும் அதே 10,230 ரூபாய்தான்! ஆகவே நேர்மையான நாணயத்திலும் இம்முறை ஒரு காசு சம்பாதித்துத் தருவதில்லை. பல நாள் சிறுகச் சேர்த்ததை ஒரே நாளில் மொத்தமாகப் பறிக்கிறது, அவ்வளவே.

குதிரையோ நாணயம் அன்று. பலரும் நம்பிப் பணம் கட்டும் பேவரிட் குதிரைகூட மூன்றில் ஒரு பந்தயத்தில்தான் வெல்லும் என்று கொள்வோம். அப்படியானால் பத்துத் தொடர் தோல்விகள் ஏறக்குறைய 58இல் ஒரு தடவை வந்து சேரும். மேலும், வென்றாலும் இரட்டிப்பு கிடைக்கும் என்ற உறுதியில்லை. டோட்டில் சேரும் பணத்திலிருந்து வரியும் கழிவும் போக மீதியே வென்றவர்களுக்குப் பங்காகிறது.

அறிஞரும் இவ்விஷயத்தில் இடறியதுண்டு. தோற்றால் ஒரு படி ஏற்றி, வென்றால் ஒரு படி இறக்கும் இன்னொரு முறை, தலாம்பேர் என்னும் பிரெஞ்சுக் கணித மேதையின் பெயரால் வழங்குகிறது. அவரே 1754இல், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு நான்கில் மூன்று என்பதை மறுத்து, மூன்றில் இரண்டு என்று பிழையாக வாதித்தார்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆயினும் அத்திறமை குதிரையையும், அது சுமக்கும் எடையையும், ஓடும் தூரத்தையும், ஜாக்கியையும் ஆராய்வதில் உள்ளது. இரட்டிப்பு முறையோ குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நேற்று நாம் எவ்வளவு இழந்தோம் என்று மட்டுமே கேட்கிறது. நம் நஷ்டம் குதிரைக்குத் தெரியுமா?

நண்பருக்கு ஏழு தோல்விகள் தொடர்ந்து வந்தன. 1,270 ரூபாய் போயிற்று. எட்டாவது முறைக்கு வேண்டிய 1,280 ரூபாயோ ஊரில் தங்கையின் படிப்புக்கென ஒதுக்கி வைத்தது.

“கணக்கில் பிழையில்லை சார், கைப்பணம்தான் போதவில்லை” என்றார். அதுதான் பிழை என்று அன்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போனார், குதிரை தோற்றது. தங்கை ஓராண்டு வீட்டில் இருந்தாள்.

தருமபுத்திரனும் தோற்கத் தோற்கப் பந்தயத்தை ஏற்றியவன்தானே! மொழிபெயர்ப்பே நம் பிழைப்பு. 'சிஸ்டம்' என்ற சொல்லுக்கு 'முறை' என்று எழுதிப் பழகியவர்கள் நாம். தமிழில் முறை என்றால் நியாயம் என்றும் பொருள் உண்டு. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பொறுத்தவரை, அச்சொல்லை நாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அது தீர்ந்ததும் வீடு திரும்புங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் முதலில் ஊர் போய்ச் சேரட்டும்.