தானியக்கமும் உடையவர் உரிமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

நம் இல்லங்களில் இன்று கணினி ஒரு பயன்படு பொருளாகிவிட்டது. அதனுடன் புதிய கருவியொன்றை இணைக்கும்போது, அதனை அமைக்கவேண்டியவர் யார்? இயங்குதளமா, உடையவரா? இவ்வினாவைச் சிறிது ஆராய விழைகின்றேன்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் வழிவந்த கணினிகளில் ஓர் ஒலி அட்டையைப் பொருத்துவது எளிய செயலன்று. கருவிகள் செயலியை அழைப்பதற்கென்று எண்கள் உண்டு. பிற்காலக் கணினிகளிலும் அவை பதினாறே. அவற்றுட் பல, விசைப்பலகை, வட்டு முதலியவற்றுக்கு முன்னரே உரியனவாகிவிட்டன. எஞ்சியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அட்டையின்மேல் ஜம்பர் என்னும் மிளகளவு மூடியை இடம் மாற்றிச் செருகவேண்டும். அதே எண்ணை ஆட்டோஎக்ஸெக்.பேட் என்னும் கோப்பிலும் எழுதவேண்டும். இரு கருவிகள் ஓர் எண்ணுக்குப் போட்டியிட்டால் பாட்டும் வாராது. சில வேளைகளில் கணினியே உறைந்துவிடும்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, 'பிளக் அண்ட் பிளே' என்னும் முறையைப் பரப்பியது. செருகினாற் போதும், எண்ணைத் தானே பங்கிட்டுக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. வாக்குறுதி உடனே நிறைவேறவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98-ஐ மேடையிற் காட்டியபோது, ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை தோன்றிற்று. மேடையில் நின்றவர் பில் கேட்ஸ். எனினும், ஆண்டுகள் செல்லச் செல்ல அம்முறை செம்மையுற்றது. எண்ணும் கோப்பும் அறியாத பாட்டியாரும் இன்று காமிராவைச் செருகித் தொலைவிலுள்ள பேரன் முகம் காண்கின்றார் எனில், அது தானியக்கத்தின் கொடையே. அதனை யான் சிறிதும் குறைத்துக் கூறேன்.

ஆயினும், தானே செய்யும் பொறி, கேளாமலும் செய்யும். 2014 அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி. எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் இயக்கி மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பின் வழியே பலர் கணினிகளில் தானாக இறங்கிற்று. அது போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிற்று, கருவிகள் முடங்கின. போலி என்றறியாமல் விலை கொடுத்து வாங்கியவர் என்ன பிழை செய்தார்? கண்டனம் எழவே, அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது. நம் மேசைமேல் உள்ள கருவியின் வாழ்வும் முடிவும், நாம் அறியாமலே பிறரால் தீர்மானிக்கப்படலாம் என்பதன்றோ இதன் பொருள்?

எனில், ஜம்பர் காலத்துக்கே மீள்வதா? வேண்டா. லினக்ஸ் கணினிகளில் திரையை ஆளும் 'எக்ஸ்' என்னும் மென்பொருள் நல்வழி காட்டுகிறது. முன்னாளில் திரையின் அலைவெண்களைக்கூட ஒரு கோப்பிற் கையால் எழுதவேண்டும். தவறாக எழுதினால் திரை பழுதாகலாம் என எச்சரிப்பார்கள். பின்னர் அது திரையைத் தானே கண்டறியக் கற்றது. ஆனால், கோப்பை ஒழித்துவிடவில்லை. எழுதாதவர்க்குத் தானே அமைத்துக் கொடுக்கும். எழுதினவர் சொல்லை ஏற்று நடக்கும்.

இதுவே முறை. தானியக்கம் பணியாளாக இருக்கட்டும், செய்ததை மறையாது சொல்லட்டும், வேண்டாமென்றால் நிறுத்தட்டும். இளைஞர்களே! விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். எக்கருவிக்கு எவ்வியக்கி என்பது அங்கே தெரியும். புதியது ஒவ்வாதபோது, முந்தையது எஞ்சியிருப்பின் அதற்கு மீளவும் அங்கே வழியுண்டு. அன்றாடம் அதனைத் தொடவேண்டுவதில்லை. ஆனால், வீட்டுச் சாவி எங்கே உள்ளதென்று வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும்.