வாங்கினது ஆர், கட்டுறது ஆர்?



2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அரசின் செலவு குறையவில்லை; வருமானம்தான் விழுந்தது. அந்தப் பள்ளத்தைக் கடன் வாங்கியும் காசு அச்சடித்தும் நிரப்பினார்கள்.

2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றது ஆர்? நீங்களும் நானும்தான்.

2024 ஜனவரியில் அதே வற் 18 வீதம். பெற்றோல், டீசல், சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்து! கோடீஸ்வரரும் கூலித் தொழிலாளியும் ஒரு சிலிண்டருக்கு ஒரே வரிதான் கட்டுகினம். இதுவா நியாயம்?

மற்ற நாடுகளிடம் வாங்கிய கடனின் தவணைகள் 2028 வரை தள்ளிப்போடப்பட்டிருக்கின்றன. தள்ளிப்போட்டது தள்ளுபடி இல்லை, உறவுகளே.

கடனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குளம் திருத்த, பள்ளிக்கூடம் கட்ட வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்தக் கடன் எதற்கு? எந்த வருமானத்தில் கட்டப்போறியள்? அந்த வருமானம் ஆரிடமிருந்து?

அடுத்த தேர்தலில் வரிச்சலுகை எண்டு ஆர் மேடை ஏறினாலும், நாங்களாக இருந்தாலும், இதைக் கேளுங்கோ.